யாரோட நிலம் அது?

முதல் வெள்ளிக்கிழமை, காட்டுச்சாலை தொடங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு அப்பாவை அழைத்தேன். அதற்கு மேல் கைப்பேசித் தொடர்பு இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். அரிசோனாவில் மாலை ஆறு. சுங்கை பட்டாணியில் மறுநாள் காலை ஒன்பது.

"எங்க தங்கப் போற?"

"காட்டுலப்பா. காடியிலதான் படுக்கப் போறேன்."

"ஓட்டல் இல்லையா?"

"இருக்கு. வேணாம்னுதான் வந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார். "யாரோட நெலம் அது?"

"அரசாங்கத்தோடது."

"யார்கிட்ட கேட்ட?"

"யார்கிட்டயும் கேக்க வேணாமாம்பா."

"யாரு சொன்னா?"

அப்பா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அவர் படுத்துத் தூங்காத ஓய்விடம் இருக்காது. "நான் படிக்கல, லோரியில தூங்குனேன். நீ படிச்சிட்டும் காடியிலயே தூங்குறியே" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். சிரிப்பு மறந்துபோனது. அந்தக் கேள்வி மட்டும் அடுத்த எட்டு மாதமும் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து கூடவே வந்தது.

*

2023 ஜூலையில் பினாங்கிலிருந்து பீனிக்ஸ் நகரத்துக்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டேன். நிபோங் திபாலில் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்து, அதுவரை ஹாட்யாய் தாண்டி எங்கும் போகாதவன் நான். அந்த ஆண்டு பீனிக்ஸில் ஜூன் 30 தொடங்கித் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நம் கணக்கில் 43 பாகை. கார் கதவைச் சட்டை நுனியால் பிடித்துத்தான் திறக்க முடியும். வேலையிடம், கார், அறை என்று மூன்று குளிர்ந்த பெட்டிகளுக்குள் வாழ்ந்தேன்.

எனக்கு முன்பே அங்கு வந்திருந்த பினாங்குச் சீன நண்பர்தான் சொன்னார். "மேலே போ. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை குறையும். இஞ்சினியர்தானே, கணக்குப் போட்டுக்கொள்." பீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர். இரண்டு மணி நேரம் வடகிழக்கே ஓட்டினால் மொகொயோன் விளிம்பு. ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலமே ஒரு பெரிய படிக்கட்டு மாதிரி உயர்ந்து நிற்கும் இடம். மேலே 2,300 மீட்டர். கீழே கள்ளிச்செடி, மேலே பைன் மரம். வாடகைக் காரை மண்சாலையில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்ததால், பழைய டொயோட்டா ஒன்றை வாங்கினேன். பின் இருக்கையை மடக்கினால் ஐந்தடி பத்தங்குலம் தட்டையாகக் கிடைக்கும். நான் ஐந்தடி எட்டு. போதும்.

கட்டணம் கட்டும் முகாம்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. மலையடியில் பேசன் என்ற ஊரில் வனத்துறை அலுவலகத்தில் போய் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா ஒரு வரைபடத்தை விரித்தார். கறுப்பு வெள்ளை, படம் எதுவும் இல்லை, வெறும் கோடுகளும் எண்களும். எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதற்கான வரைபடம் அது, இலவசம். சாலையை ஒட்டிப் புள்ளிகள் இருந்தால் வண்டியைச் சற்று உள்ளே கொண்டுபோய்ப் படுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் 14 நாள் வரை. தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோனதைத் திரும்ப எடுத்து வரவேண்டும். நெருப்புக்குத் தடை இருக்கும்போது மூட்டக்கூடாது.

"பெர்மிட்?"

"தேவையில்லை."

"பெயர் எழுதிக் கொடுக்கணுமா?"

"தேவையில்லை."

"அப்படியானால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?"

அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. "உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ" என்றார்.

நம் ஊரில் வனக்காப்புக் காட்டுக்குள் போகவே வனத்துறையின் அனுமதிக் கடிதம் வேண்டும். அப்படி வளர்ந்தவனுக்கு இந்தப் பதில் வசதியாகவே இல்லை. முதல் இரவு பைன் மரங்களுக்கு நடுவே காரில் படுத்திருந்தபோது நான் பயந்தது கரடிக்கு அல்ல. யாராவது வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள் என்றுதான். ஒவ்வொரு முறை சருகு நொறுங்கியபோதும் சொல்லவேண்டிய ஆங்கில வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். விடியும்வரை யாரும் வரவில்லை. காலையில் பார்த்தால் காருக்கு இருபதடி தள்ளி எல்க் மான் ஒன்று நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அது என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

*

ஆள் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பது அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அது வாசிப்பு.

முதலில் நிறங்களை வாசிக்க வேண்டும். நில உரிமை காட்டும் வரைபடத்தில் தேசியக் காடு பச்சை. நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம் மஞ்சள். மாநில அறக்கட்டளை நிலம் வெளிர்நீலம். அங்கே படுக்கத் தனி அனுமதி வாங்கவேண்டும், அதன் வருமானம் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. வெள்ளை என்றால் தனியார். சில இடங்களில் இவை சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வரும். தரையில் நின்று பார்த்தால் ஒரே புதர், ஒரே மண். ஒரு கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் நீங்கள் விருந்தாளி, அந்தப்பக்கம் அத்துமீறியவர்.

பிறகு செயற்கைக்கோள் படம். மண்சாலையிலிருந்து பிரிந்து எங்கும் போய்ச் சேராமல் முடியும் சின்னக் கிளைகளைத் தேடவேண்டும். அவற்றின் நுனியில் வெளிர் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் முன்பு யாரோ படுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த இடத்தில்தான் நாமும் படுக்கவேண்டும், புது இடத்தை மிதித்துக் கெடுக்கக்கூடாது. பிரதான சாலையிலிருந்து முதல் கிளையில் கூட்டம் இருக்கும். மூன்றாவது கிளையைத் தாண்டினால் பெரும்பாலும் யாரும் இல்லை. சாலை கொஞ்சம் மோசமாக வேண்டும். காரை உடைக்கும் அளவுக்கு அல்ல, மற்றவர்களைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். சந்தேகமான இடத்தில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடவேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் இன்னொரு நாளுக்கும் சேர்த்து. மணலில் இறங்கினால் டயர் காற்றைக் குறைக்க வேண்டும், திரும்பவும் ஏற்ற ஒரு பம்பு வேண்டும். பாலைவனத்தில் செருப்பு போடுமுன் புறஊதா விளக்கை அடித்துப் பார்த்தால் தேள்கள் பச்சையாக ஒளிரும். வண்டியின் மூக்கு எப்போதும் வெளியேறும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. லோரியை அப்பா அப்படித்தான் நிறுத்துவார்.

இதையெல்லாம் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தது அப்போதுதான்.

*

செப்டம்பர் நடுவில், வெர்டே பள்ளத்தாக்கு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட மலைநாடு. மூன்றாவது கிளையைத் தாண்டிப் போனபோது அந்த இடம் கிடைத்தது. தட்டையான சுத்தமான மணல், இரண்டு பக்கமும் தோள் உயரக் கரை, நிழலுக்கு ஒரு மெஸ்கீட் மரம். காற்று வராது, யார் கண்ணிலும் படாது. அதைவிட நல்ல இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுப்பைப் பற்றவைத்து மெகி போட்டுக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து ஒரு கிழவி இறங்கி வந்தார். தொப்பி, ஊன்றுகோல், பின்னால் ஒரு நாய். மேலே தூரத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்ததை நான் வரும்போது கவனித்திருந்தேன். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஊன்றுகோலால் மெஸ்கீட் மரத்தைக் காட்டினார்.

"அந்தக் கிளையில் என்ன இருக்கிறது?"

என் நெஞ்சு உயரத்தில் கிளைகளுக்கு நடுவே காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கிக் கிடந்தன. பறவைக் கூடு என்று நினைத்திருந்தேன்.

"அங்கே அதை யார் கொண்டுவந்து வைத்தது?" என்றார்.

அதற்கு மேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் படுக்க இருந்தது காய்ந்த ஆறு. வாஷ் என்பார்கள். எங்கோ இருபது மைல் தள்ளி மலையில் பெய்த மழை, இங்கே ஒரு துளி விழாதபோதும் இதன் வழியாகத்தான் இறங்கும். அங்கே மண்ணுக்குள் பல இடங்களில் சிமெண்ட் மாதிரி சுண்ணாம்பு அடுக்கு இருக்கிறது, தண்ணீரைக் குடிக்காது. ஜூன் நடு முதல் செப்டம்பர் முடிய மழைக்காலம். இவை எல்லாம் நான் படித்தவைதான். படித்ததை மணலில் பார்க்கத் தெரியவில்லை.

காரை மேட்டில் அவர் வேனுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். இரவு தலைக்கு மேல் நட்சத்திரங்கள். தூரத்தில் மட்டும் மின்னல், சத்தமில்லாமல். ஒரு மணிக்கு மேல் ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். கற்பாரம் ஏற்றிய லோரி பள்ளத்தில் இறங்கி வருகிற சத்தம். டார்ச்சு அடித்தேன். பால் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர், அதற்கு முன்னால் சருகும் கட்டையும் ஒரு சுவர் மாதிரி உருண்டு போனது. மெஸ்கீட் மரம் பாதிவரை மூழ்கி ஆடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் தணிந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் மீண்டும் தட்டையான, சுத்தமான மணல். என் டயர்த் தடம் இல்லை. அடுப்பு வைத்த கல் இல்லை. கிளையில் புதிதாகக் கொஞ்சம் புல்.

கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் காப்பி கொடுத்தார்.

*

அவருக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். ஓய்வு ஊதியம் வாடகைக்கே போதவில்லை, ஆறு வருடமாக வேனில் இருக்கிறார். கோடையில் விளிம்புக்கு மேலே, இடைப்பட்ட மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கு, குளிர்காலத்தில் குவார்ட்ஸைட் பாலைவனம். அங்கே செப்டம்பர் முதல் ஏப்ரல்வரை பருவக் கட்டணம் கட்டித் தங்கலாம். மற்ற இடங்களில் 14 நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றவேண்டும். 'நோமேட்லண்ட்' படத்தில் பார்த்த வாழ்க்கைதான். ஆனால் படத்தில் நான் கவனிக்காதது அந்த 14. வேனுக்குள் ஒரு நாட்காட்டி தொங்கியது, சில தேதிகளில் சிவப்பு வட்டம்.

"நீ எதற்காக ஆள் இல்லாத இடம் தேடுகிறாய்?" என்று கேட்டார்.

"அமைதிக்காக."

"நான் யாரும் புகார் கொடுக்காமல் இருக்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் தொடர்பு கிடைத்ததும் அப்பாவை அழைத்துச் சொன்னேன். வெள்ளத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பற்றி மட்டும் சொன்னேன். அப்பா நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பரவால்லையே. பதினாலு நாளுன்னு முன்னாடியே சொல்லிடுறாங்களே."

அப்பா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தாவும் அங்கேதான். தாத்தாவின் அப்பா கப்பலிலிருந்து இறங்கி நேராக அங்கேதான் வந்தார். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய இடம். பாட்டி லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைத்திருந்தாள். 1996இல், நான் பிறந்த வருடம், தோட்டம் கைமாறியது. மேம்பாட்டுக்கான நிலம் என்று பலகை நட்டார்கள். வேலை இருக்கும்வரைதான் வீடு, வேலையோடு வீடும் போனது. "மரம் நம்ம நட்டதுதான். ஆனா மரம் நிக்கிற மண்ணு நம்மளது இல்லையே" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில், பெயிண்ட் வாளியில் வைத்த கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

மேம்பாடு என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு வசவு. நானோ, மேம்பாடு தொடாத நிலமாகப் பார்த்து வாராவாரம் பெட்ரோல் செலவு செய்து போய்க்கொண்டிருந்தேன்.

*

"யாரோட நெலம் அது?" ஒருவழியாக அதைத் தேட ஆரம்பித்தேன்.

நில மேலாண்மைப் பணியகம் என்ற அமைப்பு 1946இல் உருவானது. அதன் கையில் ஏறக்குறைய 245 மில்லியன் ஏக்கர் இருக்கிறது. மலேசியா மொத்தத்தையும் மூன்று முறை அதற்குள் வைக்கலாம். எப்படி இவ்வளவு மிஞ்சியது? 1862 சட்டப்படி குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் வரை அரசு கொடுத்தது. தண்ணீர் உள்ள நிலங்களை எடுத்துக்கொண்டார்கள். வறண்டதும் மேடு பள்ளமானதும் பெருமளவு மீந்துபோயின. 1976இல்தான் இனி பொதுவாக இவற்றை விற்பதில்லை, நாட்டின் உடைமையாகவே வைத்துக்கொள்வது என்று சட்டம் போட்டார்கள். ஆக, நான் படுத்த பாலைவனம் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத நிலம். இதுதான் கேள்விக்கு விடை என்று அப்பாவிடம் சொல்லத் தயாராக இருந்தேன்.

பிறகுதான் கேம்ப் வெர்டே ஊரின் கதையைப் படித்தேன். நான் வெள்ளத்தில் போயிருக்கவேண்டிய அதே பள்ளத்தாக்கு. அங்கே யவாப்பாய் மக்களும் அப்பாச்சி மக்களும் இருந்தார்கள். 1871இல் அவர்களுக்கென்று ஓர் ஒதுக்கீட்டு நிலம் கொடுக்கப்பட்டது. கால்வாய் வெட்டினார்கள், விதைத்தார்கள், விளைந்தது. 1875 பிப்ரவரியில் அதையும் பிடுங்கிக்கொண்டு ஏறக்குறைய 1,500 பேரை சான் கார்லோஸ் என்ற இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். குளிர்காலம், மலைவழி, ஏறக்குறைய 290 கிலோமீட்டர். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வழியிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களில் சிலர் கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தார்கள். அவர்கள் சந்ததியினர் அங்கே இன்றும் இருக்கிறார்கள், ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்த நடையை நினைவுகூர்கிறார்கள். முன்பு இருந்ததில் மிகச் சிறு பகுதிதான் அவர்கள் கையில்.

அடுத்த அழைப்பில் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"நடக்க வெச்சே கூட்டிட்டுப் போனாங்களா?"

"ஆமாம்பா."

"நமக்கு லோரி அனுப்புனாங்க" என்றார்.

அதற்குப் பிறகும் போனேன். போகாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைத்திருக்காது. ஆனால் ஆள் இல்லாத இடம் என்று அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். ஆள் இல்லாமல் ஆக்கப்பட்ட இடமும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன், புதிதாக வந்த சக ஊழியன் ஒருவன் இடங்களின் பின் அனுப்பச் சொன்னான். அனுப்பவில்லை. பின் போன இடங்களின் கதி எனக்குத் தெரியும்; ஒரு பருவத்தில் டிஷ்யூ பேப்பர், இன்னொரு பருவத்தில் பாறாங்கல் போட்டு அடைத்த பாதை. பதிலாக ஒரு சனிக்கிழமை அவனை உட்காரவைத்து வரைபட நிறங்களைக் காட்டினேன். கிளையில் சிக்கிய புல்லின் படத்தைக் காட்டி, "அங்கே அதை யார் கொண்டுவந்து வைத்தது?" என்று கேட்டேன். அவனும் பறவை என்றான்.

*

ஊர் திரும்பிய மாதம், ஞாயிற்றுக்கிழமை, அப்பாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனேன். அவரே இருபது வருடமாகப் போகவில்லை. பால்மரம் கிடையாது. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் தாமான். நுழைவாயிலில் தடுப்புக்கட்டை, ஜாகா கூண்டு. உள்ளே போக ஐசி கேட்டார்கள், யார் வீட்டுக்கு என்று எழுதச் சொன்னார்கள். அப்பா எழுதவில்லை. வெளியே சாலையோரம் நிறுத்தச் சொன்னார். நான் வண்டியைத் திருப்பி, மூக்கு சாலையைப் பார்க்க நிறுத்தினேன். அப்பா கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வேலிக்கு வெளியே நின்று கை நீட்டிக் காட்டினார். அங்கேதான் லயம், அங்கே கிணறு, அங்கே பிரட்டுக்களம். லயம் எல்லாம் மேட்டிலேயே இருந்ததாம். கீழே பள்ளத்தில் துரைகூட ஒரு குடிசை போடவில்லையாம். இப்போது அந்தப் பள்ளத்தில்தான் முதல் இரண்டு வரிசை வீடுகள். "இங்க தண்ணி வருமே" என்றார். நான் சுவர்களைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், வீட்டுக்கு வீடு, ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு.

வெயில் ஏறிவிட்டது. காடியில் வந்து உட்கார்ந்தோம். அப்பா இருக்கையைச் சாய்த்து, லோரிக்காரர்கள் தூங்குவதுபோல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உடனே தூங்கிப்போனார். நான் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். ஜாகா மோட்டர் சைக்கிளில் வந்து அப்பா பக்கத்துக் கதவைத் தட்டினார். சின்னப் பையன்தான், மரியாதையாகவே சொன்னான்.

"பாக்சிக், சினி தாக் போலே பார்க்கிங்."

அப்பா துண்டை எடுத்தார். அவனைப் பார்த்துத் தலையாட்டினார். இருக்கையை நிமிர்த்திக்கொண்டு என்னிடம், "எடு, போலாம்" என்றார்.